பத்து வருஷ அத்தாட்சி

எதிர்க்கடை வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணிக்கொண்டே வந்த ஞானராஜ் டாக்டர் இருபத்திரண்டாவது ஜோடியில் நின்றுவிட்டார். அந்த ஜோடியை அவருக்குத் தெரியும். போன கிறிஸ்துமசுக்கு அரூரில் அவரே பேரம் பேசி வாங்கியது. இடது கால் வார் அறுந்தபோது ஊக்கு மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஆக, அவருடைய மனைவி ராஜமேரி எதிர்க்கடையில் வைத்தியத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று திங்கட்கிழமை, சந்தை நாள். பாப்பிரெட்டிப்பட்டிக்கு அடுத்த மாங்கரைப்பட்டியில், பஸ் நிற்கும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஞானராஜின் ஹோமியோபதி வைத்தியசாலை. அந்தப் பக்கம் மாதேஸ்வரனின் ஹோமியோபதி வைத்தியசாலை. நடுவில் இருபதடி ரோடு. ஞானராஜின் வாசலில் கிடந்தவை இரண்டே ஜோடி. ஒன்று அவருடையது, மற்றது பஸ்ஸுக்காக நிழலில் ஒதுங்கியிருந்த புளி வியாபாரியுடையது. செருப்பில்லாமல் வருகிறவர்களை அவர் எண்ணுவதில்லை. அவர்களையும் சேர்த்தால் நெஞ்சு தாங்காது.

அரை மணி கழித்து ராஜமேரி கையில் பொட்டலத்தோடு ரோட்டைத் தாண்டி வந்தாள். முந்தானையில் மறைத்தாவது கொண்டு வந்திருக்கலாம். அப்படியே நாலு பேர் பார்க்க வீசிக்கொண்டு வந்தாள்.

"எதுக்கு அங்க போன?"

"முழங்கால் வலிங்க."

"என்கிட்ட மருந்து இல்லியா?"

"மூணு மாசமா உங்க மருந்துதான தின்னேன்? வலியும் போவுல, காப்பியும் போச்சு. அவரு ஒரு வேள காப்பி குடிக்கலாம்னு சொல்றாருங்க."

 ஹோமியோபதி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காப்பியைத் தொடக் கூடாது என்பது ஞானராஜின் சட்டம். ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சட்டத்துக்கு அடங்கியிருந்தது. மாதேஸ்வரன் வந்த முதல் வாரமே 'ஒரு வேளை குடிக்கலாம்' என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு ரோட்டைத் தாண்டிப் போன ஊர் இன்னும் திரும்பி வரவில்லை.

மாதேஸ்வரனை நான் 'அவன்' என்று சொல்வது மரியாதைக் குறைவால் அல்ல. ஞானராஜ் அவனை ஒரு நாளும் 'அவர்' என்று நினைத்தது கிடையாது. கதை ஞானராஜுடையது என்பதால் நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம்.

ஞானராஜ் டாக்டரானது ஒரு பிரெஞ்சுச் சாமியாரால். அந்தப் பங்குச் சாமியார் நாற்பத்தெட்டுப் புட்டிகள் அடங்கிய மரப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் வெள்ளை மாத்திரை கொடுப்பார். கோவிலில் ஞானபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகனான ஞானராஜ் பெட்டியைச் சுமந்துகொண்டு கூடப் போவார். 1956-இல் சாமியார் சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது பெட்டியையும் ஒரு தடித்த புத்தகத்தையும் அவரிடம் விட்டுப் போனார். புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. புட்டிகளில் எழுதியிருந்ததும் அவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. அதனால் அவர் பார்த்தது வரிசை வைத்தியம். மேல் வரிசையில் மூன்றாவது காய்ச்சலுக்கு, நடு வரிசையில் கடைசி மருவுக்கு, இப்படி. ஒரு முறை ராஜமேரி பெட்டியைத் துடைத்துப் புட்டிகளை மாற்றி அடுக்கிவிட்டாள். ஆறு மாதம் ஊரில் காய்ச்சல் கண்டவர்களெல்லாம் மரு மருந்து சாப்பிட்டார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஞானராஜும் வாயைத் திறக்கவில்லை.

மாதேஸ்வரன் 1960-இல் வந்தான். கல்கத்தாவிலிருந்து தபாலில் வந்த டிப்ளமோவைக் கண்ணாடி போட்டு மாட்டினான். பிறகு பெஞ்சு வந்தது, சுவர்க் கடிகாரம் வந்தது, ஸ்டெதஸ்கோப் வந்தது. வெள்ளை மாத்திரை கொடுக்கிறவனுக்கு ஸ்டெதஸ்கோப் எதற்கு என்று ஞானராஜ் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டு, சேலத்துக்குப் போய்த் தமக்கும் ஒன்று வாங்கி வந்தார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நோயாளிகள் அவனிடம் நல்ல நல்ல நோயாகக் கொண்டுபோனார்கள். ஆஸ்துமா, மஞ்சள் காமாலை, மூணு டாக்டர் கைவிட்ட வயிற்று வலி. இவரிடம் வந்தது மருவும் பொடுகும்தான். அதை நினைத்தால் ஞானராஜுக்குச் சோறு இறங்காது.

ஆகவே அவர் மொட்டைக் கடுதாசி எழுத ஆரம்பித்தார்.

வருஷத்துக்கு ஒன்று. தாலுகா ஆபீசுக்கு. எழுத்து அடையாளம் தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதுவார். எழுதி எழுதி இப்போது வலது கையைவிட இடது கை எழுத்து முத்து முத்தாக வந்தது. மாதேஸ்வரன் பெயரைப் போட்டால் எழுதியவன் பகையாளி என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் பெயர் போடுவதில்லை. 'மாங்கரைப்பட்டியில் பஸ் நிற்குமிடத்தில் வெள்ளை மாத்திரை கொடுக்கும் போலி டாக்டர்' என்றுதான் தொடங்குவார். ஒரு பக்கத்தில் ஆரம்பித்தது, வருஷம் ஏற ஏற ஏழு பக்கம் வரை போயிற்று.

எழுதுகிற காலத்தையும் யோசித்து வைத்திருந்தார். தவக்காலத்தின் கடைசி வாரத்தில் எழுதித் தபாலில் போடுவார். பெரிய வியாழனன்று பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லிவிடுவார். சாமியார் அபராதமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஞானராஜ் துவைத்த வேட்டியும் துவைத்த ஆத்துமாவுமாகப் பூசைக்கு வந்து நிற்பார். இப்போதிருக்கும் பங்குச் சாமியார் போன வருஷம், இனிமேல் எழுதாமலாவது இருக்கப் பார் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். ஞானராஜ் அதற்கும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தார்.

இப்படிப் பன்னிரண்டு கடுதாசி போயிற்று. ஒன்றுக்கும் ஒரு ஜீப்பு வரவில்லை.

ராஜமேரி செருப்பை விட்ட அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் டீக்கடைப் பேப்பரில் செய்தி வந்தது. 1972, ஆவணி மாதம். வைத்தியம் பார்க்கிறவர்கள் எல்லோரும் இனி பதிவு எண் வாங்க வேண்டும். காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குக் கவலையில்லை. படிக்காதவர்கள், பத்து வருஷம் விடாமல் தொழில் செய்ததற்கு அத்தாட்சி காட்டினால் எண் கொடுப்பார்கள். எண் இல்லாதவர் கடையை மூட வேண்டும். தபால் டிப்ளமோ செல்லாது.

கடைசி வரியை ஞானராஜ் மூன்று முறை வாசித்தார். அப்புறம் பக்கத்திலிருந்தவருக்கு ஒரு முறை சத்தமாக வாசித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து ராஜமேரிக்கும் சொன்னார்.

அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "அவருக்குக் கெடைக்காட்டி சரிங்க. நமக்குக் கெடைக்காட்டி?"

அதை அவர் யோசிக்கவில்லை. அப்போதுதான் யோசித்தார். இருந்த ஒன்றரை ஏக்கர் காட்டைத் தம்பி சவரியிடம் விட்டுப் பதினாறு வருஷமாயிற்று. கடை போனால் ஐம்பது வயதில் சவரியிடம் போய்க் களைக்கொத்துக்கு நிற்க வேண்டும். சவரி பெண்சாதி ரோசம்மா, 'டாக்டரு வந்துட்டாரு, கஞ்சி ஊத்து' என்று சொல்லுகிற குரல் இப்போதே அவர் காதில் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் மணியக்காரர் அர்ச்சுனனிடம் ஓடினார். ஊர் அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதைவிட அத்தாட்சி வேண்டுமா? அர்ச்சுனன் ஒரு சேவலை வாங்கிக்கொண்டு, 'ஞானராஜ் என்பவர் 1956 முதல் வைத்தியம் பார்த்து வருகிறார்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஞானராஜ் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் மாதேஸ்வரனுக்கும் கொடுத்தீர்களா என்று கேட்டார். முந்தின நாள் ராத்திரியே கொடுத்தாயிற்றாம். நகலையும் மணியக்காரர் காட்டினார். அதில் 'கைராசிக்காரர்' என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது.

ஒரே ஒரு சொல். ஞானராஜ் வீடு வரும்வரை அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டு வந்தார். சேவல் கொடுத்தது இவர், கைராசி அவனுக்கா? அன்று சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு இடது கையில் பேனாவை எடுத்தார். மாங்கரைப்பட்டி மணியக்காரர் சேவலுக்கும் கோழிக்கும் வைத்தியச் சான்று விற்கிறார் என்று விவரமாக எழுதினார். தவக்காலம் வர இன்னும் ஆறு மாதம் இருந்தது. பாவத்தை அவ்வளவு நாள் கையில் வைத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் போட்டுவிட்டார்.

பன்னிரண்டு கடுதாசிக்கு அசையாத ஆபீஸ் இந்தப் பதின்மூன்றாவதுக்கு ஒரே வாரத்தில் அசைந்தது. மணியக்காரர் கொடுத்த சான்றுகள் அத்தனையும் ரத்து. மாதேஸ்வரனுடையதும் ரத்து, ஞானராஜுடையதும் ரத்து. சேவலும் திரும்பவில்லை.

கூடவே இருவருக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது. ஊர் அதிகாரிகள், அக்கம்பக்கத்தார் சொல்வது செல்லாது. வைத்தியம் பார்த்ததற்கு அரசாங்க ஆபீசில் தேதியோடு பதிவான ஆவணம் வேண்டும். அல்லது, பதிவு எண் பெற்ற ஹோமியோபதி வைத்தியர் ஒருவர் நேரில் சாட்சி சொல்ல வேண்டும். அடுத்த புதன்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை.

பதிவு எண் பெற்ற ஹோமியோபதி வைத்தியர் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் இல்லை. ஞானராஜ் ஆவணம் தேடினார். ரேஷன் கார்டில் தொழில், விவசாயம். டாக்டர் என்று போட்டால் சர்க்கரையைக் குறைத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவரே அப்படி எழுதச் சொன்னார். மாதா கோவில் கலியாணப் புத்தகத்தில் பார்த்தார், அதிலும் விவசாயம். பதினாறு வருஷத்தில் தாம் டாக்டர் என்று சர்க்காருக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ராஜமேரி பரணிலிருந்து களைக்கொத்தை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

புதன்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது. ஞானராஜ் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். மாதேஸ்வரன் முன்சீட்டை விட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இருவருக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டான். கண்டக்டர் அவனிடம் காசு வாங்க மறுத்து, போன மாதம் தன் மாமியாருக்குக் கொடுத்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். அது ஒரு குத்து.

ஆனால் அதற்கப்புறம் மாதேஸ்வரன் சொன்னது ஞானராஜின் காதில் தேனாக இறங்கியது.

"எங்கிட்ட ஒரு துண்டுக் காயிதம் இல்லீங்கண்ணா. பன்னெண்டு வருஷமா ஒண்ணையும் எழுதி வெக்கல. நம்பரு கெடைக்காது. சேலம் போயி மச்சான் கடையில சேந்துரலாம்னு இருக்கேனுங்க."

ஞானராஜ் வருத்தப்பட்ட மாதிரி உதட்டைப் பிதுக்கினார். உள்ளே சந்தோஷம் பொங்கியது. தமக்கும் காகிதம் இல்லை என்பதே மறந்து போயிற்று. தம் கடை மூடுகிற துக்கத்தைவிட எதிர்க்கடை மூடுகிற சுகம் பெரிதாக இருந்தது என்றால் அவர் எந்த அளவுக்கு முற்றிப்போயிருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாலுகா ஆபீசில் மெட்ராசிலிருந்து வந்த அதிகாரி நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தபால் பிரிக்கும் கிளார்க் தீர்த்தகிரி ஒரு காகிதக் கட்டோடு இருந்தார். ஒரே ஊர் என்பதால் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். மாதேஸ்வரன் கையை விரித்தான். ஞானராஜ் வேறு வழியில்லாமல் ரேஷன் கார்டை நீட்டினார். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, விவசாயக் கடன் மனு வாங்குவது பக்கத்து அறையில் என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு தீர்த்தகிரி கட்டை அவிழ்த்தார். எட்டடி தூரத்திலிருந்தே ஞானராஜுக்குத் தம் இடது கை எழுத்து தெரிந்தது. மனசு துள்ளியது. பன்னிரண்டு வருஷத்து உழைப்பு வீண்போகவில்லை, கடைசியில் மாதேஸ்வரனை இழுத்து வைத்துக் கேட்கப்போகிறார்கள்.

"மாங்கரைப்பட்டியிலேர்ந்து வருஷத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு," என்றார் அதிகாரி. "பஸ் நிற்கிற இடத்துல ஒரு போலி டாக்டர், எந்தத் தகுதியும் இல்லாம, ஒரு நாள் விடாம வைத்தியம் பார்க்கிறான்னு எழுதியிருக்கு. பன்னிரண்டு கடுதாசி. ஒவ்வொண்ணுலயும் இந்த ஆபீஸ் முத்திரை, தேதி, நம்பர் எல்லாம் இருக்கு."

ஞானராஜ் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரித் தலையை ஆட்டினார்.

"பத்து வருஷம் விடாம தொழில் பண்ணினதுக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி நான் எங்கயும் பார்க்கலை. இந்த ஆளுக்கு நம்பர் கொடுத்துடலாம். பேரு மட்டும் போடலை." அதிகாரி நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். "உங்கள்ல யாருய்யா அந்தப் போலி டாக்டர்?"

ஞானராஜுக்குத் தாம் எழுதிய பன்னிரண்டு கடுதாசியும் வரிசையாக எழுந்து ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குள் போவது போலிருந்தது. அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"நான்தானுங்க," என்றார்.

மாதேஸ்வரன் தயக்கத்தோடு எழுந்தான். "சார், அது நானுங்க. பஸ் நிக்கிற எடத்துல அந்தப் பக்கம் என் கடைதானுங்க."

"இந்தப் பக்கமும் பஸ் நிக்குதுங்க," என்றார் ஞானராஜ். "போலி டாக்டர் நான்தானுங்க சார்."

"எனக்குப் படிப்பு இல்லீங்க சார். டிப்ளமோகூடத் தபால்ல வந்ததுதானுங்க."

"அவராச்சும் தபால்ல படிச்சாருங்க. எனக்கு அதுகூட இல்லீங்க. புட்டி மேல என்ன எழுதியிருக்குதுன்னே எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க."

பதினாறு வருஷம் கட்டிக் காத்த இரகசியம். அதைத் தாமே அவிழ்த்துவிட்டோம் என்று ஞானராஜ் உணர்ந்தபோது அதிகாரி 1965-ஆம் வருஷக் கடுதாசியைப் பிரித்துவிட்டிருந்தார். 'தினமும் நாற்பது பேர் அவன் கடையில் காத்துக் கிடக்கிறார்கள்.' உங்கள் கடையில் எத்தனை பேர் என்று கேட்டார். நாற்பது என்றார் ஞானராஜ், குரல் கொஞ்சம் கம்ம. 1968-ஐப் பிரித்தார். 'காப்பி குடிக்கலாம் என்று சொல்லி மக்களைக் கெடுக்கிறான்.' உங்களிடம் வருகிறவர்கள் காப்பி குடிக்கலாமா என்று கேட்டார். ஞானராஜ் கண்ணை மூடிக்கொண்டு, தாராளமாகக் குடிக்கலாம் என்றார். 1970-ஆம் வருஷக் கடுதாசியில் சுவர்க் கடிகாரம் வந்தது. அது அவரிடம் இல்லை. 1971-இல், 'சிரித்துச் சிரித்துப் பேசி நோயாளிகளை மயக்குகிறான்' என்று இருந்தது.

அதிகாரி தலையைத் தூக்கி இரண்டு முகங்களையும் பார்த்தார். கடுதாசியில் உள்ளவர் யாரென்று அதற்கு மேல் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் அவர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே யோசித்தார். என்ன இருந்தாலும் மொட்டைக் கடுதாசி. எழுதியவன் யாரென்று தெரியாத காகிதத்தை ஆவணமாக எடுத்துக்கொள்ளலாமா என்று மேலே கேட்க வேண்டும், பதில் வர ஆறு மாதம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். ஞானராஜ் அந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் மாதேஸ்வரன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்துவிட்டது. நம்பர் கிடைத்துவிடும் என்கிற நம்பிக்கைச் சிரிப்பு. அதை அவரால் சகிக்க முடியவில்லை.

"சார், அதையெல்லாம் நம்பாதீங்க. எல்லாம் பொறாமையில எழுதினதுங்க."

"உமக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானுங்க எழுதினேன்."

 அதிகாரி ஒரு காகிதத்தைத் தள்ளி, ஒரு வரி எழுதிக் காட்டச் சொன்னார். ஞானராஜ் பேனாவை இடது கையில் வாங்கி, முத்து முத்தாக எழுதிக் காட்டினார். அதிகாரி ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எல்லாம் பொய்யா? இவர் வைத்தியம் பார்க்கலையா?"

"பாக்கறானுங்க. அது பொய்யில்லீங்க."

"அறுபதுலேர்ந்தா?"

"அறுபது, ஆனி மாசத்துலேர்ந்துங்க."

"நாற்பது பேர் வர்றது?"

"அது அறுவத்தஞ்சுலீங்க. இப்ப சந்தை நாள்ல அம்பத்தஞ்சுக்குக் கொறையாதுங்க." கணக்கு என்று வந்துவிட்டால் ஞானராஜால் குறைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஜோடிச் செருப்பும் அவர் வயிற்றெரிச்சலோடு எண்ணியது.

"அப்ப சரி. இது இனிமே மொட்டைக் கடுதாசி இல்லை. ஒவ்வொண்ணுலயும் கீழ கையெழுத்துப் போடுங்க."

பன்னிரண்டு கையெழுத்து. போட்டு முடித்தபோது மாதேஸ்வரனுடைய பதிவு எண் எழுதியாகிவிட்டது. ஞானராஜ் மாதேஸ்வரன் பக்கம் திரும்பவில்லை. அவன் சட்டையைப் பிடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அவன் கிட்டே வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க மட்டும் எழுதலீன்னா என் கடை போயிருக்குமுங்கண்ணா. கூடப் பொறந்தவன்கூட என்னை இவ்வளவு கவனிச்சதில்லீங்க."

வேண்டுமென்று குத்திச் சொல்கிறானா என்று ஞானராஜ் அவன் முகத்தைத் துருவிப் பார்த்தார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தான். அதைவிடப் பெரிய தண்டனையை எந்தச் சாமியாரும் கொடுத்திருக்க முடியாது.

அவன் அதோடு நிற்கவில்லை. அதிகாரி பக்கம் திரும்பி, நோட்டீசில் ஒரு வழி இருக்கிறதே என்று கேட்டான். பதிவு எண் பெற்ற வைத்தியர் நேரில் சாட்சி சொன்னால் போதும் என்று போட்டிருக்கிறது. தனக்கு இப்போது எண் வந்துவிட்டது. ஞானராஜ் அண்ணன் தனக்கு முன்னாலிருந்தே அந்த ஊரில் வைத்தியம் பார்க்கிறவர், நல்ல டாக்டர், அதற்குத் தான் சாட்சி என்றான். அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, செல்லும் என்றார். உங்களுக்குச் சம்மதமா என்று ஞானராஜைக் கேட்டார்.

மாதேஸ்வரன் போட்ட பிச்சையில் டாக்டர். கடைக்குள் நுழையும்போதெல்லாம் அந்த எண் இவரைப் பார்த்துச் சிரிக்கும். வேண்டாம் என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. பரணிலிருந்து இறங்கிய களைக்கொத்து நினைவுக்கு வந்தது, ரோசம்மாவின் குரல் கேட்டது. ஞானராஜ் தலையை ஒரு தரம் ஆட்டினார். அதற்கே அவருக்கு வேர்த்துவிட்டது.

அதிகாரி புதுத் தாளை எடுத்து 'ஞானராஜ்' என்று பெயரை எழுதினார்.

அதுவரை கடுதாசிகளை மறுபடி கட்டிக்கொண்டிருந்த தீர்த்தகிரி லேசாக இருமினார்.

"சார், ஒரு சின்ன சந்தேகமுங்க. 'காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை, ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக, வேறு வேலை எதுவும் பார்க்காமல் அவன் கடையையே கண்காணித்து இதை எழுதுகிறேன்'னு பன்னெண்டு கடுதாசியிலயும் கடைசி வரி இருக்குதுங்க. இப்பதான் கையெழுத்தும் போட்டிருக்காரு. அப்ப இவரு எப்பங்க வைத்தியம் பாத்தாரு?"